திருச்சியிலிருந்து போன வேதியியல்காரர்

வித்துரா மருதமலை வளாகத்தில் அறிவியல் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு,

பிப்ரவரி 2 வருகிறது. 2011ஆம் ஆண்டு அதே நாளில் டெல்லியில் கே. சுப்ரமணியம் காலமானார். அப்போது அவருக்கு 82 வயது. இந்தப் பெயரைச் சொன்னால் உங்களில் பலர் "வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரோட அப்பாதானே?" என்பீர்கள். ஆமாம், அவர்தான். ஆனால் ஒரு மனிதரை அவருடைய பிள்ளையின் பதவியைக் கொண்டு மட்டும் அறிந்துவைத்திருப்பது அவருக்கும் நியாயமில்லை, நமக்கும் நஷ்டம். ஜெய்சங்கர் அரசியலுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இந்தியா தன் பாதுகாப்பைப் பற்றியும் அயலுறவைப் பற்றியும் எப்படி யோசிக்க வேண்டும் என்று இந்த நாட்டுக்குப் பாடம் எடுத்தவர் அவர். அந்தப் பாடத்தைத் தமிழில் சொல்ல ஆளில்லாமல் போனதால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

ஐசருக்கு (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) வந்திருக்கும் உங்களுக்கு ஏன் என்று கேட்கலாம். இரண்டு காரணம். முதலாவது, அவர் உங்களைப் போல வேதியியல் படித்தவர். 1929 ஜனவரி 19 அன்று திருச்சிராப்பள்ளியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. முடித்தவர். 1951இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்தார். பரிசோதனைக் கூடத்தை விட்டுவிட்டு யு.பி.எஸ்.சி. எழுதலாமா, எழுதினால் ஐந்து வருடப் படிப்பு வீணா என்று வித்துரா ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது உங்களில் சிலர் வாதாடிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த வாதத்துக்கு இவருடைய வாழ்க்கையைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது காரணம் நீங்கள் இருக்கும் இடம். வளாகத்திலிருந்து நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம் நகரத்துக்குப் போகிறீர்கள். அந்த வழிப்பக்கமே வலியமலை. ராக்கெட்டுகளுக்கான திரவ உந்துவிசை மையமும், விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் அங்கேதான் இருக்கின்றன. நகரத்தைத் தாண்டினால் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பிய தும்பா. ஒரு நாட்டின் வலிமை எந்தக் கூடங்களில் உருவாகிறதோ, அந்தக் கூடங்களின் வாசலில் நீங்கள் வாழ்கிறீர்கள். ஆனால் அந்த வலிமையை எதற்கு, எப்போது, எந்த எல்லைவரை பயன்படுத்துவது என்ற கேள்வி மட்டும் டெல்லிக்காரர்களின் கேள்வி என்று விட்டுவிடுகிறோம். சுப்ரமணியம் அப்படி விட்டுவிடவில்லை. விஞ்ஞானி, படைவீரர், தூதர், பத்திரிகையாளர், சாதாரணக் குடிமகன் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி அது என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னார்.

அவரை நான் நேரில் பார்த்ததில்லை. பேப்பரில் வந்த அவருடைய கட்டுரைகளைப் படித்தே பழகியவன். மலைக்கு அந்தப் பக்கம், பாபநாசத்துக்குக் கீழே உள்ள ஊரில் பிறந்து, பிழைப்புக்காக அகத்தியர் மலையின் இந்தப் பக்கம் வந்து தங்கிவிட்டவன் நான். அங்கே எங்கள் ஊர் நூலகத்துக்கு ஆங்கிலப் பேப்பர் ஒரு நாள் தாமதமாக வரும். அதில் அவர் கட்டுரை இருந்தால் அன்று மாலை நூலகத்தில் வாக்குவாதம் நிச்சயம்.

அவர் பணியில் வளர்ந்த காலத்தின் சூட்டைக் கொஞ்சம் உணர வேண்டும். 1962இல் சீனாவிடம் தோற்றோம். 1964 அக்டோபரில் சீனா அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. 1965இல் பாகிஸ்தானோடு போர். அந்த ஆண்டுகளில் அவர் பாதுகாப்பு அமைச்சகத்தில் துணைச் செயலாளர். பாதுகாப்பு என்பது அன்று ராணுவத்தினரும் ஒருசில அதிகாரிகளும் மூடிய அறைக்குள் பேசுகிற விஷயம். வெளியே பேசினால் ரகசியத்தை உடைத்ததாகப் பழி வரும். 1965 நவம்பரில், போர் ஓய்ந்த கையோடு, பாதுகாப்பு ஆய்வு மற்றும் பகுப்பாய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஐ.டி.எஸ்.ஏ. என்பார்கள், இப்போது மனோகர் பாரிக்கர் பெயரைத் தாங்கி நிற்கிறது. டெல்லி சப்ரு ஹவுஸில், உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சில் இருந்த அதே கட்டடத்தில்தான் அதற்கும் இடம். இடையில் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஓராண்டு ஆய்வு செய்துவிட்டு வந்த சுப்ரமணியம், 1968இல் அதன் இயக்குநரானார். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு ஆய்வு நிறுவனத்தை ஒதுக்கினால் ஓரம்கட்டப்பட்டதாகத்தான் அரசு வட்டாரத்தில் பொருள். மாவட்டம் இல்லை, கையெழுத்துக்குக் காத்திருக்கும் கோப்புகள் இல்லை, கார் வரிசை இல்லை. அவர் அந்த ஓரத்தையே நடு இடமாக்கினார். இளம் ஆய்வாளர்களைச் சேர்த்தார். ராணுவ அதிகாரிகளையும் பல்கலைக்கழகத்துக்காரர்களையும் எதிரெதிரே உட்காரவைத்தார். நாளிதழ்களில் தொடர்ந்து எழுதினார். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் 1968இல் கையெழுத்துக்கு வந்தபோது, ஐந்து நாடுகள் மட்டும் குண்டு வைத்திருக்கலாம், மற்றவர்கள் கூடாது என்ற ஏற்பாட்டை இந்தியா ஏற்கக் கூடாது என்று வாதாடினார். அணுகுண்டு வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்ன மிகச்சில அதிகாரிகளில் அவர் ஒருவர். அதனால் போர்வெறியர் என்று பெயர் வந்தது.

அந்தப் பெயர் அவருக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். போர்வெறியர் ஆயுதத்தைப் பயன்படுத்தத் துடிப்பார். இவர் எழுதியதெல்லாம் அணு ஆயுதம் போரிடுவதற்கான ஆயுதமே அல்ல என்பதுதான். எதிரி அதை நம்மீது பயன்படுத்தாமல் தடுப்பது ஒன்றுதான் அதன் வேலை. அந்த வேலைக்கு எண்ணற்ற குண்டுகள் தேவையில்லை. திருப்பி அடிக்கும் திறன் உறுதியாக இருந்தால் போதும். முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று உலகுக்குச் சொல்லிவிடலாம். 1998 மே மாதப் பொக்ரான் சோதனைகளுக்குப் பிறகு அமைக்கப்பட்ட தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவுக்கு அவர் ஒருங்கிணைப்பாளர். அந்தக் குழு எழுதிய அணுக் கோட்பாட்டு வரைவு 1999 ஆகஸ்ட் 17 அன்று மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. முதலில் பயன்படுத்தாமை, குறைந்தபட்ச நம்பகமான தடுப்பாற்றல் ஆகிய இரண்டும் அதன் தூண்கள். 2003 ஜனவரியில் அரசு அறிவித்த கோட்பாடும் அவற்றை ஏற்றுக்கொண்டது. இன்று தேர்தல் மேடைகளில் அணுகுண்டை யாராவது சாதாரணமாகப் பேசும்போதெல்லாம், குண்டு வேண்டும் என்று அன்றே சொன்னவர் அதைப் பற்றி எவ்வளவு அடக்கமாகப் பேசினார் என்று எனக்கு நினைவுக்கு வருகிறது. ஒரு வினை எந்த அளவில் தொடங்கும், எந்த அளவில் கைமீறும் என்று கணக்குப் பார்க்கும் பழக்கம் அவருக்கு மாநிலக் கல்லூரி ஆய்வகத்தில் வந்திருக்க வேண்டும். என் ஊகம்தான் இது. உங்களில் அந்தத் துறை படிப்பவர்கள் அவர் கட்டுரைகளைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் அவரோடு ஒத்துப்போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 1971 மார்ச் இறுதியில், கிழக்கு பாகிஸ்தானில் ராணுவம் படுகொலையில் இறங்கிய சில நாட்களில், சப்ரு ஹவுஸில் நடந்த கருத்தரங்கில் பாகிஸ்தான் உடைவது நமக்கு நல்லது, இப்படியொரு வாய்ப்பு இனி வாய்க்காது என்ற பொருளில் பேசினார். பேப்பரில் வந்தது. இந்தியா சதி செய்கிறது என்று காட்ட பாகிஸ்தான் இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்துக்காட்டுகிறது. உடனே படையெடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அரசு காத்திருந்தது. மழைக்காலம் கழிந்தது, ஆகஸ்டில் சோவியத் ஒன்றியத்தோடு ஒப்பந்தம் ஆனது, டிசம்பர் 3இல் தொடங்கிய போர் 16இல் முடிந்தது. ஒரு கோடி அகதிகள் எல்லையைத் தாண்டி வந்துகொண்டிருந்த காலத்தில் வாய்ப்பு என்று பேசியது என் மனதுக்கு ஒப்பவில்லை. காத்திருந்ததே சரி என்பதையும் பிறகு நடந்தவை காட்டின. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தன் கருத்தை ரகசியக் குறிப்பில் மட்டும் எழுதிவிட்டு வெளியே வேறு பேசியவர் அல்ல அவர். வெளியில் சொன்னார், வெளியிலேயே அதற்கான விமர்சனத்தையும் வாங்கிக்கொண்டார். இன்று நான் அவரோடு சண்டையிட முடிகிறதென்றால் அதற்கு அவர் வைத்துவிட்டுப் போன திறந்த பக்கங்கள்தான் காரணம்.

1975இல் நிறுவனத்தை விட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்தார். நெருக்கடி நிலைக் காலம். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு, ஆளுநர் ஆட்சி நடந்த காலத்தில் மாநிலத்தின் உள்துறைச் செயலாளர் பொறுப்பு அவரிடம் இருந்தது. மிசா தடுப்புக் காவல் சட்டத்தில் அடைக்கப்பட்டவர்களின் நினைவு நம் வீடுகளில் இன்னும் ஆறாத ஒன்று. அவர் வாழ்க்கையை எழுதப்போகும் யாரும் அந்த இரண்டு ஆண்டுகளைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. கோப்புகளைத் தேடிப் படித்து எழுத வேண்டும். உங்களில் ஒருவர் வரலாற்றுப் பக்கம் போனால் இந்த வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது.

பிறகு டெல்லி திரும்பி, கூட்டு உளவுக் குழுவின் தலைவர். 1979இல் பாதுகாப்பு உற்பத்தித் துறையின் செயலாளர். மத்திய அரசில் செயலாளர் என்பது ஓர் அதிகாரி எட்ட நினைக்கும் உச்சி. 1980 ஜனவரியில் இந்திரா காந்தி மீண்டும் பிரதமரானார். அந்த ஆண்டே சுப்ரமணியம் அந்தப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மறுபடியும் ஐ.டி.எஸ்.ஏ. இயக்குநர் நாற்காலி. 1987இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான். ராஜீவ் காந்தி காலத்தில் அவருக்கு ஜூனியரான ஒருவர் கேபினட் செயலாளரானார்.

இதையெல்லாம் 2023 பிப்ரவரியில் ஒரு பேட்டியில் சொன்னவர் அவருடைய மகன் ஜெய்சங்கர். அந்தப் பேட்டி அரசியல் காரணங்களுக்காகப் பெரிதாகப் பேசப்பட்டது. நான் அதில் கேட்டது வேறு. மகன் சொன்னதன் சாரம் இது: அப்பா மறுபடியும் செயலாளராகவே ஆகவில்லை. அது அவருக்குள் இருந்த வருத்தம். ஆனால் வீட்டில் அதைப் பற்றி அரிதாகத்தான் பேசினோம். அண்ணன் செயலாளரானபோது அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. நான் செயலாளரானதைப் பார்க்க அவர் இல்லை. இவ்வளவுதான்.

இதை நம் வீடுகளோடு வைத்துப் பாருங்கள். பதவி உயர்வு கிடைக்காத அப்பாவின் கசப்பு சாப்பாட்டுத் தட்டுவரை வந்து, பிள்ளைகளின் மீது இலக்காக இறங்குகிற வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "எனக்குக் கிடைக்காததை நீ வாங்கிக் காட்டு" என்கிற வீடுகள். சுப்ரமணியம் வீட்டில் செயலாளர் பதவி ஒரு குறிக்கோளாக இருந்ததை மகன் மறைக்கவில்லை. ஆனாலும் பிள்ளைகள் போன திசைகளைப் பாருங்கள். மூத்த மகன் விஜயகுமார் ஐ.ஏ.எஸ். அதிகாரியாகி, மத்திய அரசின் ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளர்வரை போனார். ஜெய்சங்கர், அப்பாவைப் போலவே வேதியியலில் தொடங்கி, பிறகு அரசியல் அறிவியலுக்கு மாறி, 1977இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். இளையவர் சஞ்சய் சுப்ரமணியம் அரசுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளின் கடல் வணிகத்தையும் பேரரசுகளையும் ஆவணக் காப்பகங்களில் தேடி எழுதும் உலகறிந்த வரலாற்றாசிரியரானார். கோழிக்கோட்டுக் கரையில் வந்திறங்கிய வாஸ்கோ ட காமாவைப் பற்றி அவர் எழுதி 1997இல் வந்த நூலை, கேரளத்தில் படிக்கும் நீங்கள் ஒருமுறையாவது புரட்ட வேண்டும். நாட்டின் பாதுகாப்பையே மூச்சாகக் கொண்ட ஒருவரின் மகன், நாடுகளின் எல்லைகளைத் தாண்டி வரலாற்றை எழுதுகிறவராக வளர்ந்திருக்கிறார். வாதாடவும் மாறுபடவும் இடம் இருந்த வீட்டில்தான் இப்படி நடக்கும்.

இந்தக் குடும்பத்துக்கு வந்த ஒரு சோதனை நாளையும் சொல்லிவிடுகிறேன். 1984 ஆகஸ்ட் 24. டெல்லியிலிருந்து சண்டிகர் வழியாக ஸ்ரீநகர் போன இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் 421 கடத்தப்பட்டது. லாகூர், கராச்சி, கடைசியில் துபாய். அப்போது வெளியுறவு அமைச்சகத்தில் இருபத்தொன்பது வயது இளம் அதிகாரி ஜெய்சங்கர்; கடத்தலைச் சமாளிக்கும் குழுவில் அவரும் ஒருவர். வேலை முடிந்து வீட்டுக்கு வர முடியாது, விமானக் கடத்தல் நடந்திருக்கிறது என்று சொல்ல அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசுகிறார். அப்புறம்தான் தெரிகிறது, அந்த விமானத்தில் அப்பா இருக்கிறார். 2024 செப்டம்பரில் ஜெனீவாவில் இந்திய வம்சாவளியினரிடையே பேசும்போது அவர் இதைச் சொன்னார். ஒரு பக்கம் அரசாங்கத்தின் ஆள். மறு பக்கம், எப்படியாவது ஏதாவது செய்யுங்கள் என்று அரசாங்கத்தை நெருக்கும் குடும்பங்களில் ஒருவர். யாருக்கும் உயிர்ச்சேதமில்லாமல் முடிந்தது.

அந்த வீட்டில் தொலைபேசியின் மறுமுனையில் இருந்த பெண்மணியைப் பற்றி யாரும் கட்டுரை எழுதவில்லை. சுலோசனா சுப்ரமணியம். கணவர் கடத்தப்பட்ட விமானத்தில். மகன் அதை மீட்கும் அறையில். கொள்கை வகுப்பவர்களின் வாழ்க்கை வரலாறுகளில் இப்படிப்பட்டவர்களுக்கு நன்றியுரையில் ஒரு வரி கிடைத்தால் பெரிது. கணவர் போய் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, மகன் வெளியுறவு அமைச்சரானதையும் பார்த்துவிட்டு, 2020 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

சுப்ரமணியம் குடும்பஸ்தர் என்று நண்பர்கள் சொல்லும்போது எனக்கு வியப்பு இல்லை. நாட்டைப் பற்றி அவர் எழுதியதிலும் அந்த மனம் இருக்கிறது. பாதுகாப்பு என்பது அவருக்கு எல்லைக்கோடு மட்டுமல்ல. பிள்ளைகள் அச்சமின்றி வளரும் நாட்களையும் சேர்த்துத்தான் அவர் அதைக் கணக்கிட்டார். அதற்கு மேல் அலங்கரித்துச் சொல்ல விரும்பவில்லை.

இனி, அவர் வாழ்வில் எனக்கு மிகப் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

1999 கோடையில் கார்கில். உயரமான மலைமுகடுகளைப் பாகிஸ்தான் படையினர் பிடித்துக்கொண்டிருந்தது மே மாதத் தொடக்கத்தில்தான் நமக்குத் தெரிந்தது. 527 வீரர்களை இழந்து மீட்டோம். போர் முடிந்த மூன்றாவது நாள், ஜூலை 29 அன்று, எப்படி ஏமாந்தோம் என்று ஆராய ஒரு குழுவை வாஜ்பாய் அரசு அமைத்தது. தலைவர் சுப்ரமணியம், உடன் லெப்டினென்ட் ஜெனரல் ஹசாரி, பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ், செயலாளராக சதீஷ் சந்திரா. எழுபது வயதுக்காரர் சில மாதங்களில் அறிக்கையை முடித்துக் கொடுத்தார்.

அதில் அவர் சொன்னவற்றைவிட, அது மக்கள் கைக்கு வந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1962 தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை இன்றுவரை எந்த அரசும் வெளியிடவில்லை. ஆனால் கார்கில் அறிக்கை, பாதுகாப்பு கருதிச் சில பகுதிகள் நீக்கப்பட்டு, 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, புத்தகமாகவும் வந்தது. எந்த உளவு அமைப்புக்கு என்ன துணுக்குத் தெரிந்திருந்தது, அது ஏன் இன்னொரு அமைப்புக்குப் போகவில்லை, பனிக்காலத்தில் எந்த முகடுகள் காவலின்றி இருந்தன என்பதை ஒரு கல்லூரி மாணவர் காசு கொடுத்து வாங்கிப் படிக்க முடிந்தது. தனிமனிதர்கள்மீது பொறுப்பைச் சுமத்தாமல் விட்டுவிட்டார் என்ற குறை அப்போதே வந்தது. எனக்கும் அந்தக் குறை உண்டு. ஆனால் யாரைத் தண்டிப்பது என்று கேட்கத் தொடங்கியிருந்தால் ஒவ்வொரு துறையும் தன் கோப்பைப் பூட்டியிருக்கும். அமைப்பு எங்கே பிசகியது என்பதற்கு முதலிடம் கொடுத்தார். அதைத் தொடர்ந்து அமைச்சர்கள் குழு 2001இல் சீர்திருத்தங்களைப் பரிந்துரைத்தது. அவற்றில் ஒன்றான முப்படைத் தலைமைத் தளபதி பதவி நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரியில். நம் நாட்டில் ஒரு பரிந்துரை கோப்பிலிருந்து நாற்காலிக்கு வர எத்தனை காலம் ஆகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாடு முழுக்க அவர் பெயர் பேசப்பட்ட 1999ஆம் ஆண்டில்தான் பத்ம பூஷண் விருது வந்தது. வேண்டாம் என்றார். அரசு அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசிடமிருந்து விருது வாங்கக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். அவர் இரண்டுமாகவும் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு முழுநேரமும் நாளிதழ்களில் எழுதிக்கொண்டிருந்தார். நாளைக்கு எந்த அரசைக் குறை சொல்லப் போகிறோமோ, அந்த அரசின் பதக்கத்தை இன்று மார்பில் குத்திக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. விருதுப் பட்டியல் வரும் ஒவ்வொரு ஜனவரியும் இதை நான் யாரிடமாவது சொல்லாமல் இருந்ததில்லை.

ஆராய்ச்சிப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. அவர் தன் முடிவுகளைச் சொத்தாக நினைத்துக் கட்டிக்காக்கவில்லை. எழுபதுகளில் சோவியத் நட்பின் பக்கம் நின்றவர். சோவியத் ஒன்றியமே மறைந்த பிறகு, பழைய சொற்களைச் சொல்லிக்கொண்டே இருந்தால் பயனில்லை என்று அமெரிக்காவோடு நெருங்கிப் பழக வேண்டும் என்றார். 2005இல் தொடங்கிய இந்திய-அமெரிக்க அணுசக்தி உடன்பாட்டை, வலதும் இடதும் எதிர்த்தபோது, ஆதரித்து எழுதினார். மன்மோகன் சிங் அமைத்த உலக வியூக மாற்றங்களை ஆராயும் பணிக்குழுவுக்கும் அவரே தலைவர். அதே உடன்பாட்டுக்கான பேச்சுவார்த்தையில் அரசின் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் அவர் மகனும் ஒருவர். அப்பா வெளியிலிருந்து எழுதினார், பிள்ளை உள்ளிருந்து பேசினார். நிலைமை மாறியபோது முடிவை மாற்றிக்கொண்டதைச் சந்தர்ப்பவாதம் என்றவர்கள் இருந்தார்கள். தரவு மாறிய பிறகும் பழைய வரைபடத்தையே ஒட்டிவைத்திருப்பதை உங்கள் துறையில் என்னவென்று சொல்வீர்கள்?

இப்போது என் வருத்தத்துக்கு வருகிறேன். திருச்சியில் பிறந்து சென்னையில் படித்த இந்த மனிதர் எழுதிய ஆயிரக்கணக்கான பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் அவர் பெயர் அமைச்சரின் செய்தியில் ஒட்டிக்கொண்டு வருவதோடு சரி. நம் வார இதழ்களில் அயலுறவு என்றால் பெரும்பாலும் தலைவர்களின் கைகுலுக்கல் படம். பாதுகாப்பு என்றால் ஏவுகணையின் பெயரும் அதன் பாய்ச்சல் தூரமும். ஈழப் போரின் சுமையை நம்மைவிட அருகில் சுமந்த மாநிலம் இந்தியாவில் வேறில்லை. மீனவர்கள் பிடிபடும்போதெல்லாம் பாக் நீரிணை நமக்கு வெளியுறவுக் கொள்கைதான். கச்சத்தீவைப் பற்றி ஆவேசமாகப் பேச ஆயிரம் பேர் உண்டு. 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை வாசித்துவிட்டுப் பேசுகிறவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. டெல்லி நம்மைக் கேட்காமல் முடிவெடுக்கிறது என்ற நம் புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் கேட்டால் சொல்வதற்கு ஆவணமும் ஆராய்ச்சியும் கையில் வைத்திருக்கும் தமிழ் நிறுவனங்கள் எத்தனை?

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எல்லோரும் யு.பி.எஸ்.சி. எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆய்வகத்திலேயே இருங்கள்; இருப்பவர்கள்தான் அதிகம் தேவை. ஆனால் மாதத்தில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். ஹாஸ்டல் அறையோ, கல்லாற்றுப் பாறையோ, எங்கே வசதியோ அங்கே. அருமண் தனிமங்களின் ஏற்றுமதியைச் சீனா கட்டுப்படுத்தினால் நமக்கு என்ன ஆகும் என்பது வேதியியல் தெரிந்தவர்தான் தெளிவாகச் சொல்ல முடியும்; கொல்லத்துக் கடற்கரையிலும் மணவாளக்குறிச்சியிலும் கிடைக்கும் தாது மணலின் அரசியலும் அதோடு சேர்ந்ததுதான். செயற்கைக்கோள் படத்தில் எது தெரியும், எது தெரியாது என்பதை இயற்பியல் மாணவர் விளக்கலாம். நோய்க்கிருமி ஆய்வுக்கு எந்த எல்லை வேண்டும் என்பதை உயிரியல் மாணவர் பேசலாம். இவையெல்லாம் இன்று தூதரகங்களின் மேசைக்கு வந்துவிட்ட கேள்விகள். பேசியதைத் தமிழில் எழுதுங்கள். பக்கத்து அறை மலையாள நண்பர் மலையாளத்தில் எழுதட்டும். ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டிச் சண்டையிடுங்கள்.

எங்கே தொடங்குவது என்றால் கார்கில் அறிக்கையில் தொடங்குங்கள். கடினமான நூல் அல்ல. ஒரு சோதனை எங்கே தவறிப்போனது என்று ஆய்வேட்டில் எழுதுவீர்களே, அந்த நடைதான். அடுத்து 1999ஆம் ஆண்டு அணுக் கோட்பாட்டு வரைவு, சில பக்கங்கள்தான். பிறகு அவர் கட்டுரைகளின் தொகுப்பாக 2005இல் வந்த நூலைத் தேடுங்கள். உங்கள் நூலகத்தில் இல்லையென்றால் வாங்கித்தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மாணவர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால் நூலகர்கள் மறுப்பதில்லை.

உடல்நலம் குன்றியிருந்த கடைசி ஆண்டுகளிலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. மறைந்தபோது மகன் ஜெய்சங்கர் பெய்ஜிங்கில் இந்தியத் தூதர். இளைய மகன் கடல் கடந்த பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பிப்ரவரி 2 அன்று உங்களில் யாராவது நான்கு பேர் கூடி, அவர் கட்டுரை ஒன்றை வாசித்து, அதில் ஒத்துக்கொள்ள முடியாத இடம் எது என்று பேசினால், அந்தக் கூட்டத்துக்கு எனக்கும் சொல்லி அனுப்புங்கள். நான் ஜங்ஷனிலிருந்து நடந்தே வந்துவிடுவேன். 1971 பற்றி எனக்கு அவரோடு உள்ள வழக்கை அங்கே வைக்கிறேன்; அவர் பக்கம் நின்று பேச உங்களில் ஒருவர் தயாராக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வித்துரா அண்டைவீட்டுக்காரன்